தாண்டவமூர்த்தியின் காசுகள்

சிட்லபாக்கம்
9-7-1986

அன்புள்ள மாப்பிள்ளை சுப்பராயலுவுக்கு,

அரிகிருஷ்ணன் எழுதுவது. கங்கையம்மாள் சுகமாயிருக்கிறாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. என் உடல்நிலையைப் பொறுத்தவரை, நேற்றுச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணி வரையில் குறை சொல்ல எதுவும் இல்லை. நெய்வேலியில் தாங்களும் என் தங்கை தையல்நாயகியும் சரசுவும் நலமென்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தியைப் பேசிவிடுகிறேன். சரசுவுக்குக் கடலூர் வரன் முடிவானதில் எனக்கு முழு மகிழ்ச்சி. தை மாதத்தில் எந்த நாள் குறித்தாலும் கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிடுவேன். தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பவன் நான் ஒருவன். மணையில் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய கை இது. தட்டானிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி மற்றது.

என் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நேற்று, எதிர்வீட்டு வில்பிரட்டுக்கு ஒரு குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அமைதியான மனிதர். அவர் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி ஞானம்மாள் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்க! உங்க கதைதான் ஓடிக்கினு இருக்குது!" என்றார்.

ஓடிக்கொண்டிருந்தது தாங்கள் எழுதும் 'மூன்றாம் குறுக்குத் தெரு'. அதில் தாண்டவமூர்த்தி என்று ஒரு பேராசிரியர். அரைக்கைச் சட்டை. கையில் பூதக்கண்ணாடி. பழங்கால நாணயங்கள் சேர்க்கிறார். தீபாவளிக்கு வந்த அவர் தங்கை, அண்ணனை மகிழ்விக்க எண்ணி, அவருடைய செப்புக்காசுகளையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முறத்தில் பரப்பிப் பளபளவென்று காட்டுகிறாள். அவர் மயங்கி விழுகிறார். தண்ணீர் தெளிக்கிறார்கள். கண் விழித்து, முறத்தைப் பார்த்து, மறுபடி விழுகிறார். வில்பிரட் சிரிப்புத் தாளாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று என் வீட்டில் நடந்தது நால்வருக்குத்தான் தெரியும்: நான், என் மனைவி, தங்கள் மனைவி, தாங்கள். அன்று நான் மயங்கி விழவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உட்கார்ந்தேன். உட்காருவதற்கும் விழுவதற்கும் வேறுபாடு உண்டு.

இந்தத் தாண்டவமூர்த்தி யார் என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும். தையல்நாயகிக்கும் சரசுவுக்கும் என் ஆசிகள். தங்களுக்கு எதை அனுப்புவது என்பதைப் பதில் கண்டபின் முடிவு செய்வேன்.

அரிகிருஷ்ணன்

---

நெய்வேலி
20-7-1986

மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, சுப்பராயலு கைகட்டி நின்று எழுதுவது.

இங்கே மூவரும் சௌக்கியம். சுரங்கத்துப் புழுதியில் என் இருமல் மட்டும் என்னோடு சம்பந்தம் செய்துகொண்டுவிட்டது. அக்கா கங்கையம்மாளின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தாண்டவமூர்த்தி முழுக்க முழுக்கக் கற்பனை, மச்சான். உலகத்தில் காசு சேர்க்கிறவர் நீங்கள் ஒருவர்தானா? புளி இல்லாத வீடு உண்டா? தங்கை இல்லாத அண்ணன் உண்டா? மூன்றும் ஓர் இடத்தில் சேர்ந்தது தற்செயல்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நடிகர் எந்தப் பக்கம் விழுந்தார்? நான் எழுதியது இடப்பக்கம். இரண்டாம் தடவை விழுந்தபோது சிரிப்பு முதல் தடவையைவிட அதிகமா, குறைவா?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் எழுதும் நாடகத்தை நான் இதுவரை ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. நெய்வேலிக்கு டில்லி நிகழ்ச்சி மட்டும்தான் வருகிறது. மெட்ராஸ் எட்டவில்லை. மொட்டை மாடியில் நாற்பதடி மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டினேன். காக்கைகளுக்கு வசதியாகப் போயிற்று. எழுதித் தபாலில் அனுப்புகிறேன், அங்கே எடுத்து ஒளிபரப்புகிறார்கள். தயாரிப்பாளர் 'நன்றாகப் போகிறது' என்று ஒரு வரி போடுவார். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

கல்யாணம் பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, நெய்வேலியிலேயே. நீங்கள் முந்தின நாளே வந்துவிட வேண்டும்.

என்றும் உங்கள் சுப்பராயலு

---

சிட்லபாக்கம்
2-8-1986

மாப்பிள்ளைக்கு,

கங்கையம்மாளின் முழங்கால் அவ்வாறே இருக்கிறது. தங்கள் இருமலுக்குச் சித்தரத்தை நல்லது.

நடிகர் வலப்பக்கம் விழுந்தார். இரண்டாம் முறை சிரிப்பு அதிகம். அந்த நாடகத்தில் எனக்கு ஈடுபாடு இருப்பதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கேட்கப்பட்ட கேள்விக்கு விடையளிப்பது என் தொழில்.

கற்பனை என்று எழுதியிருக்கிறீர்கள். கற்பனைக்கும் ஒரு யோக்கியதை வேண்டும். சென்ற செவ்வாயன்று வில்பிரட்டிடம் ஜுரமானியைக் கேட்டு வாங்கச் சென்றபோது கவனிக்க நேர்ந்தது. தாண்டவமூர்த்தி ஒரு காசைப் பல்லால் கடித்துப் பார்த்தார். கடித்துப் பார்ப்பது அடகுக் கடைக்காரர் வழக்கம். ராஜராஜன் காலத்துக் காசு ஒன்றைத் தங்கம் என்றார், அது செம்பு. எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு ஆட்டிச் சத்தம் எழுப்பினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, உயிரோடிருக்கும் எவருக்கும் எளிதன்று. நான் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் வைக்கிறேன். ஓரத்தில் மட்டும், இரண்டு விரலால் பிடிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புளி. பழைய செம்பின் மேலிருக்கும் பச்சை நிறத்தைப் பாமரர் அழுக்கு என்கிறார்கள். அதுதான் தோல். அது வளர எண்ணூறு ஆண்டு ஆகியிருக்கிறது. பழைய நாணயத்தைத் துலக்குவது, நூறு வயதுக் கிழவருக்கு முகச்சவரம் செய்து ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு ஒப்பாகும். அவர் பளபளப்பாக இருப்பார். பாடம் ஏறாது.

இவற்றை மனத்தில் இருத்தி, அந்த மனிதரை இனியாவது சரியாக நடந்துகொள்ளச் செய்யவும்.

வீட்டில் அனைவருக்கும் என் விசாரிப்பு.

அரிகிருஷ்ணன்

---

நெய்வேலி
12-8-1986

மச்சானுக்கு வணக்கம்.

சித்தரத்தை கேட்டது. இருமல் பாதியாகிவிட்டது. உங்கள் திருத்தங்கள் யாவும் கிடைத்தன. ஒன்றையும் வீணாக்க மாட்டேன். அவசரமாக ஒரு பகுதியை எழுதி முடித்து இன்றைய தபாலில் சேர்க்க வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். தையல்நாயகி உங்களுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

நன்றியோடு, சுப்பராயலு

---

சிட்லபாக்கம்
24-9-1986

திரு. சுப்பராயலு அவர்களுக்கு,

இங்கு மழை தொடங்கவில்லை. அனைவரும் உயிரோடிருக்கிறோம். அங்கும் அவ்வாறே என்று எண்ணுகிறேன்.

நேற்று இரவு தாண்டவமூர்த்தி தன் வீட்டு வேலைக்காரியிடம் பின்வருமாறு கூறினார்: "பழைய நாணயத்தைத் துலக்குவது, நூறு வயதுக் கிழவருக்கு முகச்சவரம் செய்து ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு ஒப்பாகும். அவர் பளபளப்பாக இருப்பார். பாடம் ஏறாது."

ஓர் எழுத்துக்கூட மாற்றப்படவில்லை. காசை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். 'கேட்கப்பட்ட கேள்விக்கு விடையளிப்பது என் தொழில்' என்பதையும் சொன்னார். 'சித்தரத்தை நல்லது' என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை.

இன்று காலை தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறினேன். என்னோடு தினமும் வரும் ஏசுபாதம் பெட்டி முழுவதும் கேட்கச் சொன்னார்:

"சார், நேத்து பாத்தீங்களா? கெயவனுக்கு ஷேவிங் பண்ணி ஒண்ணாங்கிளாசுல சேக்கறதாம்! எவன் சார் எழுதறான் இத்த? மூளையா இன்னா அது! அவன் கைக்கு மோதரம் போடணும் சார்!"

பல்லாவரம் வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முப்பதாண்டு கல்லூரியில் பேசியிருக்கிறேன். என் வாக்கியம் ஒன்றுக்கு இப்படியொரு பாராட்டு கிடைத்தது இதுவே முதல் முறை. அதைப் பெற்றுக்கொள்ள முடியாத நிலையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் பாடவேளைக்கு நுழைந்தபோது கரும்பலகையில் ஒரு கிழவர் படம். கையில் சிலேட்டு. முகம் மழமழவென்று இருந்தது. நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

என் கடிதங்கள் தங்களுக்கு எழுதப்பட்டவை, தமிழ்நாட்டுக்கு அல்ல. ஆகவே இனி எழுதுவதாக இல்லை. தாண்டவமூர்த்தி என்ற அந்த ஆள் இருக்கும்வரை சரசுவின் திருமணத்துக்கும் நான் வருவதாக இல்லை. பட்டம் கட்ட அவரையே அழைத்துக்கொள்ளலாம். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

முறுக்கு வந்து சேர்ந்தது. நன்றாக இருந்தது என்று தையல்நாயகியிடம் மட்டும் சொல்லவும்.

தி. அரிகிருஷ்ணன், எம்.எஸ்ஸி.

---

நெய்வேலி
5-10-1986

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி தையல்நாயகி சொல்லச் சொல்ல, சரசு எழுதுவது.

அண்ணா, நல்லா கீறியா? அண்ணி நல்லா கீறாங்களா? நாங்க நல்லா இல்ல. உன் லெட்டர் வந்ததுலேர்ந்து இந்த வூட்ல அடுப்பு எரியுது, ஆனா சோறு எறங்கல.

இன்னா அண்ணா நீ? எம்.எஸ்ஸின்னு கையெழுத்து போடற. தங்கச்சி வூட்டுக்கு யாராவது எம்.எஸ்ஸி போடுவாங்களா? நான் இன்னா உனுக்கு சர்டிபிகேட்டா கேட்டேன்?

உன் மாப்ள பண்ணது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. உன் லெட்டர் வந்தா போதும், அது சிரிச்சிக்கினே படிக்கும், உடனே பேனாவ எடுக்கும். நான் கேட்டேன், "இன்னாய்யா, எங்க அண்ணன் திட்டி எழுதுது, நீ சிரிக்கற?" அதுக்கு, "உங்க அண்ணன் திட்டற அழகு யாருக்கும் வராதுடி"ன்னுது. அது கேலி பண்ணல அண்ணா. அது உன்ன மாதிரி பேசணும்னு ஆசப்படுது. அதுக்கு வரல.

(மாமா, அம்மா இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதை எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.)

மாப்ள வூட்டுக்காரங்க போன வாரம் வந்தாங்க. மொத கேள்வியே, "பொண்ணுக்குத் தாய்மாமன் வந்து பட்டம் கட்டுவாரில்ல?"ன்றாங்க. நான் தலைய ஆட்டிட்டேன். உன்ன வுட்டா எனக்கு யார் கீறா? வேற யாரையாவது புட்ச்சி நிக்க வெச்சா ஊரு சிரிக்காதா? டிவில சிரிக்கறது உனுக்குப் பெருசா? பந்தல்ல சிரிக்கறது பெருசா?

அந்தாளு இருந்தாதான நீ வரமாட்ட. நான் சொல்லிட்டேன் இதுங்கிட்ட. இன்னா பண்ணுமோ பண்ணட்டும். நீ வந்துடு.

(மாமா, நான் தனியாக ஒன்று: நீங்கள் வராவிட்டால் நான் மணையில் உட்கார மாட்டேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.)

தையல்நாயகி, சரசு

---

நெய்வேலி
15-10-1986

மச்சான் அவர்களுக்கு, தலைகுனிந்து சுப்பராயலு.

நீங்கள் நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அக்கா நலமா என்று கேட்கிறேன்.

நான் செய்தது திருட்டு. உங்கள் வாக்கியங்களைப் பார்த்ததும் என் வாக்கியங்கள் எனக்கே பிடிக்காமல் போயின. அதற்குமேல் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை.

டிசம்பர் முதல் செவ்வாயோடு தாண்டவமூர்த்தி நாணயம் சேர்ப்பதை விட்டுவிடுகிறார். எழுதி அனுப்பியும் விட்டேன். அவருக்காகத்தான் தொடரையே இன்னும் பதின்மூன்று வாரம் நீட்டலாம் என்கிறார் தயாரிப்பாளர். எனக்குத் தொடரைவிடச் சரசுவின் நெற்றி பெரிது. அதற்குமேல் அந்த நாடகத்தில் உங்களை நினைவூட்டும்படி ஒரு குண்டூசிகூட இருக்காது.

ஒரு வரி பதில் போடுங்கள், மச்சான்.

சுப்பராயலு

---

சிட்லபாக்கம்
25-10-1986
(அஞ்சலட்டை)

மாப்பிள்ளைக்கு,

நலம். தகவல் கிடைத்தது. முடிவு முறையானது. திருமணத்துக்கு வருவேன். பட்டம் தயாராகிவிட்டது என்று தட்டான் சொல்கிறான். சரசுவைச் சாப்பிடச் சொல்லவும்.

அரிகிருஷ்ணன்

---

சிட்லபாக்கம்
3-12-1986

திரு. சுப்பராயலு அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. எனினும் விசாரிக்கிறேன். நலமா?

நேற்று வில்பிரட்டிடம் ஏணி கேட்கப் போயிருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எனக்கு ஒரு நாற்காலி முன்பே போடப்பட்டிருந்தது.

தெருவில் பாத்திரக்காரி கன்னியம்மா வருகிறாள். பழைய செம்பு, பித்தளை போட்டால் எவர்சில்வர் தருகிறவள். தாண்டவமூர்த்தி தன் காசுகளையெல்லாம் கொண்டுவந்து அவள் கூடைக்கு முன்னால் கொட்டுகிறார். "இன்னா சாரு, எல்லாம் பச்ச புட்ச்சிக் கெடக்குது? செல்லாத துட்டு. பாவமேன்னு ஒரு பக்கெட்டு தாரேன். மேல கேக்காத" என்கிறாள். அவர் மேலே கேட்கவில்லை. வாளியை வாங்குகிறார். அதில் தண்ணீர் நிரப்பிக் குளிக்கிறார். குளித்தபடி பாடுகிறார். குடும்பமே கைதட்டுகிறது. "அப்பாடா, குணமாயிட்டாரு" என்கிறாள் அவர் மனைவி. நாயன இசை. முற்றும்.

வில்பிரட் வீட்டுக் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஞானம்மாள், "ஐயோ பாவம், அந்த மனுசன் இன்னாத்துக்குக் குடுத்துட்டாரு?" என்றார். வில்பிரட் எழுந்து போய்ச் செய்தி தொடங்குவதற்குள் பெட்டியை அணைத்தார். என்னை யாரும் நேராகப் பார்க்கவில்லை. நானும் ஏணியை வாங்காமல் வந்துவிட்டேன்.

குணமாகிவிட்டாராம். என்ன நோய் இருந்தது அவருக்கு? எவரையாவது ஏமாற்றினாரா? எவர் சோற்றிலாவது கை வைத்தாரா? உலகம் எறிந்துவிட்ட சில செப்புத் துண்டுகளை எடுத்து, பெயர் கேட்டு, உறையிலிட்டு வைத்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் சிரிப்பதற்காவது ஒரு மனிதர் மிச்சமிருக்க வேண்டும். தாங்கள் ஒரு வாளிக்கு அவரைக் காலி செய்துவிட்டீர்கள். அதுவும் என் பொருட்டு என்கிறீர்கள். நான் கேட்டது அவர் போக வேண்டும் என்று. இப்படிப் போக வேண்டும் என்று அல்ல.

ஆகவே என் அஞ்சலட்டையை ரத்து செய்கிறேன். திருமணத்துக்கு முன்பாக அந்த நாணயங்கள், ஒன்றுகூடக் குறையாமல், தாண்டவமூர்த்தியின் கைக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் பட்டம் பதிவுத் தபாலில் வரும், நான் வரமாட்டேன்.

எவ்வாறு திரும்பும் என்பது எழுத்தாளரின் பொறுப்பு. எனினும் தங்கள் மீதிருந்த நம்பிக்கை குன்றிவிட்டபடியால் எட்டுப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். கன்னியம்மா அந்தக் காசுகளை எடைக்குப் போடவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒன்றாக இனாம் கொடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளவும். ஒன்று பூக்காரியின் தராசில் எடைக்கல்லாக இருக்கிறது. ஒன்று தண்ணீர்த் தொட்டியின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றைக் கேரம் கிளப்பில் ஸ்டிரைக்கராக அடிக்கிறார்கள். ஒன்று மூன்றாம் வீட்டுக் குழந்தையின் அரைஞாணில் தொங்குகிறது. அவர் வீடுவீடாகச் சென்று மீட்கிறார். வசனம் முழுவதும் உள்ளே இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

அரிகிருஷ்ணன்

---

நெய்வேலி
28-12-1986

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நலத்துக்கும் மேல். உங்கள் எட்டுப் பக்கத்தைச் சரசு சத்தமாகப் படித்தாள். தாண்டவமூர்த்தி தொட்டியிலிருந்து காசை உருவ, தண்ணீர் பீறிட, வீட்டுக்காரர் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு "சார், நான் இப்ப இப்படியே நிக்கணுமா?" என்று கேட்க, "நாணயம் எண்ணூறு ஆண்டு நின்றது, தாங்கள் பத்து நிமிடம் நிற்கலாம்" என்று அவர் பதில் சொல்லும் இடத்தில் தையல்நாயகிக்குப் புரையேறிவிட்டது.

கையோடு மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தயாரிப்பாளர் பதின்மூன்று வாரத்துக்கும் ஒப்புக்கொண்டார். நடிகர் படித்துவிட்டு, "இது நீங்க எழுதினது இல்லியே" என்றார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்கிறார்கள்.

பொங்கல் கழிந்து எடுக்கிறார்கள். ஒளிபரப்பு பிப்ரவரி 3, செவ்வாய். கல்யாணம் 6, வெள்ளி. இதைவிட முன்னால் தள்ள முடியவில்லை. சரசு தினமும் காலண்டரைப் பார்க்கிறாள். கல்யாணத் தேதியை அல்ல, செவ்வாய்க்கிழமையை.

அன்புடன் சுப்பராயலு

---

சிட்லபாக்கம்
10-1-1987

மாப்பிள்ளைக்கு,

பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கியாயிற்று. கங்கையம்மாளின் முழங்கால் தேவலை.

என் பெயரைப் போட வேண்டாம். நான் வேதியியல்காரன். மூன்றாம் தேதி நாடகத்தைப் பார்ப்பேன். காசுகள் அவர் கைக்கு வந்துவிட்டதை என் கண்ணால் கண்டபின் ஐந்தாம் தேதி பேருந்து ஏறுவேன். காணாவிட்டால் ஏறமாட்டேன். சரசுவிடம் இதை மென்மையாகச் சொல்லவும்.

அரிகிருஷ்ணன்

---

சிட்லபாக்கம்
4-2-1987

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். தங்கள் வீட்டில் பந்தக்கால் நட்டு, வாழை கட்டி, தையல்நாயகி சமையல்காரர்களோடு சண்டையிட்டுக்கொண்டிருப்பாள். அவளைச் சற்று உட்காரச் சொல்லவும்.

இன்று போட்டால் இது வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். அறிந்தே போடுகிறேன். இது வரும் நேரத்தில் நான் பந்தலில் இருப்பேன். இதிலுள்ளதை நேரில் சொல்ல எனக்கு வராது. தாங்களும் நேரில் கேட்க வேண்டாம்.

நேற்று இரவு வில்பிரட் வீட்டுக்குப் போனேன். இம்முறை எதையும் கேட்கவோ கொடுக்கவோ போகவில்லை. நாடகம் பார்க்கப் போனேன். கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். ரயில் நண்பர் ஏசுபாதம்கூடத் தன் குடும்பத்தோடு வந்திருந்தார்.

நாடகம் தொடங்கியது. பூக்காரியின் தராசிலிருந்த காசு மீண்டது, சிரித்தார்கள். தாண்டவமூர்த்தி தொட்டிக்கு அருகே குனிந்து, காசை இரண்டு விரலால் பிடித்தார். உருவப்போகிறார். மின்சாரம் போய்விட்டது.

தெரு முழுவதும் இருட்டு. "அடப்பாவிங்களா, இப்பதானா போவணும்!" என்று ஏசுபாதம் கத்தினார். மெழுகுவர்த்தி தேடி ஞானம்மாள் எதையோ உருட்டினார். ஒரு பெண் குரல், "காசு கெடச்சிதா இல்லியான்னே தெரியலியே!" என்றது. வேறொருவர், "கெடைக்காதுபா. அந்தாளு ராசி அப்டி" என்றார்.

"கிடைக்கும்" என்றேன்.

"உங்களுக்கு எப்டி சார் தெரியும்?" என்றார் வில்பிரட். பிறகு அவரே, மெதுவாக, "சொல்லுங்க சார்" என்றார்.

நான் விவரங்களை மட்டுமே தெரிவிக்க எண்ணினேன். தண்ணீர் பீறிட்டதைச் சொன்னேன். வீட்டுக்காரர் விரலை வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவர் குரலில் சொன்னால்தான் விளங்கும் என்று தோன்றியதால் அவர் குரலில் சொன்னேன். பின்னர் கேரம் கிளப்காரர் குரலில், கன்னியம்மாவின் குரலில். தாண்டவமூர்த்திக்குத் தனிக் குரல் தேவைப்படவில்லை. கூடத்தில் எழுந்த சிரிப்பு, பெட்டிக்கு முன்னால் நான் கேட்டுவந்த அதே சிரிப்புதான். இருட்டில் அது வேறு விதமாகக் கேட்டது.

கடைசியாக மூன்றாம் வீட்டுக் குழந்தை. அரைஞாணிலிருந்த டச்சுக்காசை அவர் அவிழ்க்கப் போகிறார், குழந்தை அழுகிறது. கையை எடுக்கிறார், நிறுத்துகிறது. மறுபடி தொடுகிறார், அழுகிறது. இந்த இடத்தில், மிட்டாய் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்வதாகத்தான் நான் எழுதியிருந்தேன் என்பது தங்களுக்குத் தெரியும். நேற்று நான் சொன்னது வேறு. அவர் காசை அங்கேயே விட்டுவிடுகிறார் என்றேன். செவ்வாய்க்கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியால் அதன் இடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார் என்றேன். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஞானம்மாள் சிரித்துக்கொண்டே அழுதார். அவ்விதம் இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

விளக்கு வந்தபோது நான் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கைகளும் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்த பாவனையில் இருந்தன. பெட்டியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆகவே, அந்த நடிகர் எப்படிச் செய்தார் என்பதை நான் பார்க்கவில்லை. பார்த்தபின் வருவேன் என்று எழுதியிருந்தேன். இனி அது தேவையில்லை. தாண்டவமூர்த்தியின் காசுகள் திரும்பிவிட்டன என்பதற்கு நானே சாட்சி. நேற்று இரவு நான்தான் கொடுத்தேன். நாளைக் காலை கங்கையம்மாளோடு தாம்பரத்தில் பேருந்து ஏறுகிறேன். பட்டம் என் சட்டைப்பையில் இருக்கிறது. சரசுவை நேரத்தோடு மணையில் உட்காரச் சொல்லவும்.

ஒன்று மட்டும் பாக்கி. கலைந்து போகும்போது எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அடுத்த வாரம் இன்னா சார் ஆவும்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. முப்பதாண்டு ஆசிரியனாக இருந்தவன் ஒரு கூட்டத்துக்கு முன்னால் அப்படிச் சொல்ல நேர்ந்தது பெரும் அவமானம். இதற்குத் தாங்களே முழுப்பொறுப்பு. எனவே சனிக்கிழமை காலை, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடலூருக்கு அனுப்பிவைத்த கையோடு, இருமலுக்கு ஏதாவது குடித்துவிட்டு, பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு தாங்கள் என்னெதிரே வந்து உட்கார வேண்டும்.

கல்லூரிக்குத் திங்கட்கிழமை மாலைவரை விடுப்புச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் மச்சான்
அரிகிருஷ்ணன்